கம்பி கட்டிய ஹீட்டர்

1. தெப்பக்குள மூலை

வக்கீல் சேஷாத்ரி ஐயரின் கார் மயிலாப்பூர் தெப்பக்குள மூலையில் விளக்குக் கம்பத்தில் மோதிய அன்று காலை, நான் தேனாம்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இடது மட்கார்டு நசுங்கி டயரில் உரசியது. ஒரு ஹெட்லைட்டைக் காணோம். கம்பத்தடியில் நின்ற கைரிக்‌ஷா அப்பளமாகிவிட்டதாம். ரிக்‌ஷாக்காரர் டீக்கடைக்குள் ஒதுங்கியிருந்ததால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

டிரைவர் முனுசாமி வண்டிக்குப் பின்னாலேயே மழையில் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எனக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். மந்தைவெளிக்காரர். பீடி கூடப் பிடிக்காதவர். வண்டியை சர்வீஸுக்கு விட்டால் எங்களோடு நின்று தானே துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக ஷெட்டின் கோடிக்குப் போய், பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் வக்கீல் ஜட்காவில் வந்து இறங்கினார். பின்சீட்டில் இருந்தவர், நெற்றியில் லேசாக வீக்கம். எங்கள் ஃபோர்மேன் ரங்கா நாயுடு குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“நாயுடு, இது மூணாவது தரம்,” என்றார் வக்கீல். “ஓட்டிண்டே இருக்கறவன் அப்படியே சாஞ்சுடறான். மோந்து பாத்த போலீஸ்காரன், வாயில வாசனை இல்லே, கஞ்சாவா இருக்கும்கறான். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நன்னா பாருங்கோ. வண்டியில கோளாறுன்னா என் தலையெழுத்து. வண்டி சரியா இருக்குன்னா கோளாறு இவன்கிட்டதான். நீங்க சொல்றதை வெச்சுண்டுதான் நான் போலீஸுக்கு எழுதிக் கொடுக்கணும்.”

சென்னையில் மதுவிலக்கு வந்த புதிது அது. போதையில் வண்டி ஓட்டினான் என்று ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போவது மட்டுமில்லை, ஜெயில். அதற்கப்புறம் இந்த ஊரில் எவரும் முனுசாமி கையில் ஒரு சாவியைக் கொடுக்க மாட்டார்கள். மறுநாள் காலை வந்து பதிலைக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வக்கீல் போய்விட்டார். ஆக, ஒரு மனிதனின் பிழைப்பு எங்கள் ஷாப்பின் வாய்ச்சொல்லில் வந்து நின்றது.

2. சூடு வேண்டாத ஊரில் ஒரு சூட்டுப் பெட்டி

மேலே போகுமுன் ஹீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைய மெக்கானிக் பிள்ளைகளுக்குக் காருக்குள் குளிரடிக்க வைக்கத்தான் தெரியும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சீமையிலிருந்து வந்த கார்களுக்குள் இருந்தது அதற்கு நேர் எதிரான சாமான்.

மூன்று தினுசு இருந்தது. முதலாவது தண்ணீர் ஹீட்டர். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரில் கொஞ்சத்தை ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குத் திருப்பிவிடுவார்கள். பெட்டிக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர், அதன் முதுகில் ஒரு குட்டி ஃபேன். வெறும் சூடான காற்று வரும். யாருக்கும் கெடுதல் இல்லாத நல்ல ஏற்பாடு. இரண்டாவது பெட்ரோல் ஹீட்டர். சீட்டுக்கு அடியில் தனியாகப் பெட்ரோலை எரிக்கிற அடுப்பு. யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்து ஏலத்தில் வந்த வண்டிகளில் எப்போதாவது தென்படும். அதைத் தொடவே எங்களுக்குப் பயம்.

மூன்றாவதுதான் எக்ஸாஸ்ட் ஹீட்டர். மூன்றிலும் பழசு, மலிவு. இன்ஜினின் எரிந்த புகை வெளியேறுகிற குழாய் இருக்கிறதே, மேனிஃபோல்டு, அது தகதகவென்று சுடும். அதைச் சுற்றி ஒரு தகரச் சட்டை போட்டுவிடுவார்கள். முன்பக்கத்துக் காற்று அந்தச் சட்டைக்குள் புகுந்து, சுட்ட இரும்பைத் தடவிக்கொண்டு, டிரைவரின் காலுக்கு முன்னால் இருக்கிற தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே வரும். ஓட்டைக்கு ஒரு மூடி. மூடியைத் திறக்க டேஷ்போர்டில் இழுக்கிற குமிழ். புகை குழாய்க்குள் போகும், காற்று குழாய்க்கு வெளியே போகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வார்ப்பு இரும்பும், இணைப்பில் புகை கசியாமல் அடைக்கிற ஒரு கேஸ்கெட்டும்தான்.

டீஃபிராஸ்டர் என்பது இந்த ஹீட்டரின் வால். குளிர் நாட்டில் முன் கண்ணாடியில் பனி உறைந்து பால் ஊற்றினாற்போல் ஆகிவிடுமாம். முதலில் மின்சாரக் கம்பி ஓடுகிற சின்னக் கண்ணாடிச் சட்டம் ஒன்றை ரப்பரால் ஒட்டிப் பார்த்தார்கள். பாட்டரிதான் செத்தது. பிறகு ஹீட்டரிலிருந்தே இரண்டு குழாய்களை மேலே கொண்டுபோய், முன் கண்ணாடியின் காலடியில் உண்டியல் வாய்போல் இரண்டு கீறல் வைத்தார்கள். சூடான காற்று கீறல் வழியாக ஏறிக் கண்ணாடியைத் தடவினால் பனி உருகும்.

மெட்ராஸில் இதெல்லாம் எதற்கு? இங்கே கார் கதவைத் திறந்தாலே முகத்தில் இட்லிப் பானை ஆவி. ஆகவே ஹீட்டரோடு வந்த எந்தக் காரானாலும், ஊரில் எல்லா ஷாப்பிலும் முதல் வேலை “ஹீட்டரைக் கட்டு” என்பதுதான். தண்ணீர் ஹீட்டரானால் ஹோஸைக் கழற்றிவிடுவோம். எக்ஸாஸ்ட் ஹீட்டரை அப்படிக் கழற்ற முடியாது. மேனிஃபோல்டையே இறக்க வேண்டும், அதைப் பிடித்திருக்கிற துருப்பிடித்த ஸ்டட் ஆணி ஒவ்வொன்றாக முறியும். அதனால் அதை அப்படியே விட்டு, மூடியைச் சாத்தி, அதன் லிவரைக் கம்பி போட்டு முறுக்கிவிடுவோம். கட்டியாயிற்று என்றால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கட்டியபின் இன்னொரு சௌகரியம். மேனிஃபோல்டு கேஸ்கெட் கொஞ்சம் எரிந்துபோனால் இன்ஜினில் “டிக் டிக்” என்று ஒரு சத்தம் வரும். குளிர் நாட்டில் அந்தச் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். எங்கள் நாயுடுவோ, “மெட்ராஸ்ல எவனுக்கு நைனா ஹீட்டர் வேணும்? கட்டிக்கீதுல்ல? பொகை கீழ பூடும், உடு,” என்பார். அவர் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் விட்டது.

வக்கீலின் கார் ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வாங்கியது. நீளமான பழைய அமெரிக்க வண்டி. டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. ஜமீன்தார் கோடைதோறும் ஊட்டிக்குப் போனவர், அதனால் எக்ஸாஸ்ட் ஹீட்டரும் டீஃபிராஸ்டரும் சேர்த்தே வாங்கியிருந்தார். வண்டி வக்கீலிடம் வந்த வாரமே எங்கள் ஷாப்பில் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தோம்.

3. மழை நாளில் மட்டும்

நாயுடு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக்கைப் பார்த்தோம். ஸ்டியரிங் பெட்டியைத் திறந்தோம். மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினோம். மத்தியானம் மழை சற்று விட்டபோது நாயுடுவே வண்டியை எடுத்துக்கொண்டு மவுண்ட் ரோட்டில் ட்ரையல் போனார். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் போனார். மெட்ராஸில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எவன் ட்ரையல் போவான்? திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார். வண்டி தங்கம் மாதிரி இருக்கிறது, நாளைக்கு வக்கீலிடம் அப்படியே சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். சொல்லும்போது முனுசாமி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

நான் ஒரு டம்ளர் டீ வாங்கிக்கொண்டு முனுசாமியிடம் போனேன். அவருக்கு நாயுடு சொன்னது காதில் விழுந்திருந்தது.

“நாயுடு சொல்றது நெஜந்தான் லூர்து. வண்டி மேல தப்பில்ல. என் மேலதான் இன்னாவோ கீது,” என்றார். அவர் அப்பா நாற்பது வயதில் காக்காய் வலிப்பு வந்து, கிணற்றடியில் விழுந்து செத்தவராம். அதுதான் தனக்கும் வந்துவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி வைத்திருந்தார். முதலில் தலை கனக்கும், பிறகு கண் இருட்டும், கை தன் கையாகவே இருக்காது. வீட்டில் அதைச் சொல்லவும் முடியவில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பிவிட்டாள்.

“வூட்டுக்குப் போனா சோறு அப்பால. மொதல்ல வாயத் தொறன்றா. மோந்து பாக்குறா. கல்யாணமாகி இத்தினி வருசத்துல ஒரு சொட்டு தொட்டவனில்ல நானு. இப்ப தெனம் அவ முன்னால வாயத் தொறந்துக்கினு நிக்கிறேன்.”

பனை மரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். இந்த மனிதர் பாலும் குடிக்கவில்லை, பனை மரத்தடிக்கும் போகவில்லை. என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், தினமும் இப்படி வருகிறதா என்று கேட்டு வைத்தேன்.

“தெனம் இல்ல. மழ நாள்ல மட்டும்,” என்றார்.

காக்காய் வலிப்பு மழை பார்த்து வருமா? இதை நாயுடுவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சாயங்காலம் மறுபடி மழை வலுத்தபோது சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, முனுசாமியையே ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்து போய்வா, ஏதாவது ஆனால் பிரேக்கைப் போட உன் கால் தயாராக இருக்கட்டும் என்றார்.

4. அடையாறு வரை

முனுசாமி ஓட்ட மாட்டேன் என்றார். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று என்னைக் கேட்டார். மாதாவே கூட இருப்பாள், நீங்கள் எடுங்கள் என்று வற்புறுத்தி உட்கார வைத்தேன். நான் சாந்தோம்காரன், அப்படித்தான் பேச வரும்.

மழை சாரலாக உள்ளே அடித்ததால் இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் எங்கள் மூச்சும் ஈரச் சட்டையும் சேர்ந்து முன் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது. வெளியே வைப்பர் ஓடி என்ன பயன், மங்கியது உள்பக்கம். முனுசாமி துணியால் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி மங்கியது. எதிரே வந்த மாட்டுவண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

தினமும் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள் என்றேன். அவர் கை டேஷ்போர்டுக்கு அடியில் போய்ப் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார்.

“உங்க நாயுடுகிட்ட சொல்லமாட்டியே?”

சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாக்கை அன்றே மீற வேண்டி வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தார். கண்ணாடியின் காலடியில் இருந்த இரண்டு கீறலிலிருந்தும் வெதுவெதுப்பான காற்று கிளம்பியது. மங்கல் கீழிருந்து மேலாகக் கலையத் தொடங்கி, மந்தைவெளி வருவதற்குள் சாலை முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. எத்தனையோ ஹீட்டரைக் கட்டியவன் நான். டீஃபிராஸ்டர் ஒன்று வேலை செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய்விட்டு “அடேயப்பா” என்றுவிட்டேன்.

முனுசாமிக்கு அந்த நிலைமையிலும் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. போன வருஷத்து மழையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கண்ணாடி மங்கலில் கடைசி நொடியில்தான் பார்த்தாராம். அன்று இரவெல்லாம் தூக்கமில்லையாம். மறுநாள் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, இந்தக் குமிழ் எங்கே போகிறது என்று தடவிப் பார்த்து, நாங்கள் கட்டிய கம்பியைத் தானே அவிழ்த்திருக்கிறார். வக்கீல் வண்டி வாங்கிய நாளே “இந்தக் குமிழை மட்டும் தொடாதே” என்று சொல்லியிருந்ததால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெயில் நாளில் குமிழை உள்ளே தள்ளிவிடுவார். மழை நாளில் மட்டும் இழுப்பார்.

அடையாறுப் பாலத்தை நெருங்கும்போது என் இரண்டு நெற்றிப்பொட்டிலும் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது. புகை வாடையும் இருந்திருக்கும், நாளெல்லாம் அதிலேயே கிடக்கிற எங்கள் மூக்குக்கு உறைக்கவில்லை.

அந்த வலியை எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்ஸுக்கும் காருக்கும் பின்னால் கரி அடுப்பு மாட்டி, கரியின் கேஸில் ஓட்டினோம். கேஸ் பிளான்ட் என்போம். அந்த வேலையில் நான் இரண்டு மழைக்காலம் இருந்தேன். கரி கேஸுக்கு நிறம் கிடையாது. கசிவது கண்ணுக்குத் தெரியாது. முதலில் பொட்டில் தட்டும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கம் சுகமாக வேறு இருக்கும். மூடிய ஷெட்டில் அப்படிச் சுகமாகத் தூங்கிக் கிடந்த ஒருவரை நான் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டிருக்கிறேன். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். இன்ஜின் புகையிலும் இருப்பது அதே கேஸ்தான்.

திரும்பிப் பார்த்தேன். முனுசாமியின் கண் திறந்திருந்தது. ஆனால் அவர் பார்வை சாலையில் இல்லை. ஸ்டியரிங் மெல்ல இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது, பாலத்துக் கைப்பிடிச் சுவரை நோக்கி. நான் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். வண்டி சுவரை உரசாமல் நின்றது. இரண்டு கதவையும் திறந்து, அவரைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்து, மழையில் பிளாட்ஃபாரத்தில் படுக்க வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்க அடிக்க அவர் கண்ணில் ஆள் தெரிய ஆரம்பித்தது.

“வலிப்பு வந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணே. வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குந்தான் வந்துச்சு. வண்டி நம்மளக் கொல்லப் பாத்துச்சு.”

அவருக்கு உடனே புரியவில்லை. இன்ஜின் புகை அந்தக் கீறல் வழியாக உள்ளே வருகிறது என்று நான் மறுபடி மறுபடி சொன்னேன். புரிந்ததும் ஈரத் தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

5. கண்ணாடியில் ஏறிய புகை

எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, குமிழை உள்ளே தள்ளிவிட்டு, நான் வண்டியை மெதுவாக ஓட்டி வந்தேன். கம்பியை அவிழ்த்த கதையை நாயுடுவிடம் நானே சொல்லப் போகிறேன் என்று முனுசாமியிடம் வழியிலேயே சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். நாயுடு முழுவதையும் கேட்டுக்கொண்டார். பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை மேனிஃபோல்டு பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டிக் டிக் என்று எனக்கே சும்மா நின்ற இடத்தில் கேட்டது. ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். திட்டாமல் போனதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் வக்கீல் வந்தார். நாயுடு அவரை உட்காரச் சொல்லவில்லை. வண்டிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. குமிழை இழுத்து விட்டிருந்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சைகை காட்டினார். நான் கார்புரேட்டரின் வாயில் இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆயில் எரிந்தால் வெள்ளைப் புகை வரும், புகைக்குழாயில் எங்கே ஓட்டை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னால் சைலன்ஸரில் புகை வந்தது. அது வரத்தான் வேண்டும். அப்புறம் காருக்குள், முன் கண்ணாடியின் காலடியில் இருந்த இரண்டு கீறலிலிருந்தும் வெள்ளையாகக் கிளம்பி, கண்ணாடியைத் தடவிக்கொண்டு மேலே ஏறி, கூரையில் முட்டி, டிரைவர் சீட்டில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங்கே மறைந்துவிட்டது. நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பு அதைப் பின்சீட்டுப் பக்கம் விடவில்லை. வக்கீல் வழக்கமாக உட்காரும் இடம் சுத்தமாக இருந்தது.

“வக்கீல் சார், வண்டி சரியில்ல,” என்றார் நாயுடு. “நான்தான் சரின்னு உட்டவன். இந்த டிக் டிக் சத்தம் போன சர்வீஸ்லயே என் காதுல உழுந்துச்சு. ஹீட்டர் கட்டிக்கீது, மெட்ராஸ்ல யார் தொறக்கப் போறான்னு உட்டுட்டேன். போலீஸுக்கு எழுதணும்னா எம் பேர எழுதுங்க. இவன் மேல ஒண்ணுமில்ல.”

ஷாப்பில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. கஸ்டமருக்கு முன்னால் ஃபோர்மேன் அப்படிப் பேசுவது நாங்கள் கேட்டறியாதது. முதலாளி காதுக்குப் போனால் அவர் வேலை போகலாம். அது தெரிந்துதான் பேசினார்.

வக்கீல் வெகுநேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முனுசாமி பக்கம் திரும்பி, கம்பியை அவிழ்த்ததை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“தொடாதேன்னு நீங்க சொல்லிக்கீறீங்க சாமி. தொட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“சொன்னேன்தான்,” என்றார் வக்கீல். “அந்தப் புழுக்கத்துல சூடு வரப்படாதேன்னு சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. ஞாயித்துக்கிழமை ஆத்துக் குழந்தைகள் அத்தனையும் உன் பக்கத்துல ஏறிண்டு பீச்சுக்கு வருமே முனுசாமி. என் புத்தியில அதுதான் ஓடிண்டிருக்கு. நான் யார் பேர்லயும் எழுதப் போறதில்லே. நீ எப்பவும்போல வா.”

நாங்கள் எல்லோரும் முனுசாமி அவர் காலில் விழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் விழவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாயுடுவைப் பார்த்துக் கேட்டார்:

“நைனா, இன்னும் கொஞ்சம் ஆயில் கீதா? ஓடிப்போய் என் வூட்டுக்காரிய இட்டாந்துர்றேன். அவளுக்கு இன்னொரு தபா காட்டுங்க.”

6. அஞ்சலை

அஞ்சலை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே ஷாப் வாசலில் நின்றாள். உள்ளே வரக் கூச்சப்பட்டாள். ஷாப்புக்குப் பெண்கள் வருவது அந்தக் காலத்தில் கிடையாது. வக்கீலும் போகாமல் நின்றிருந்தார். நாயுடுவே போய், “வாம்மா,” என்று கூட்டிவந்தார்.

மறுபடி இன்ஜினை ஓடவிட்டேன். மறுபடி ஆயிலை விட்டேன். புகை கீறலிலிருந்து கிளம்பிக் கண்ணாடியில் ஏறியது. நாயுடு டிரைவர் சீட்டைச் சுட்டிக் காட்டி, உன் புருஷன் உட்காருகிற இடம் இது என்றார். அதற்குமேல் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு நாயுடு கதவைத் திறந்தார். புகை வெளியே வழிந்தது. அஞ்சலை பின்வாங்காமல் கிட்டே போனாள். சீட்டின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

“இந்த நாத்தம் உன் சட்டைல இருந்துச்சு,” என்றாள் முனுசாமியிடம். “மழ நாள்ல வந்தா சட்டையெல்லாம் இதே நாத்தம். தெனம் தொவச்சது நான்தான். தொவச்சுப் போட்டுட்டு வந்து, வாய மோந்து பாத்தேன்.”

நாயுடு அந்தப் பக்கமாகத் திரும்பி ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அவள் செய்ததற்கும் நாங்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். சத்தம் நாயுடுவின் காதில் இருந்தது, நாற்றம் அவள் கையில் இருந்தது. நாங்கள் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தோம், அவள் வாயைத் திறந்து பார்த்தாள்.

அன்றே மேனிஃபோல்டை இறக்கினோம். எதிர்பார்த்தபடியே மூன்று ஸ்டட் முறிந்தது. தகரச் சட்டையைக் கழற்றி வெளியே எறிந்து, புதுக் கேஸ்கெட் போட்டு, உள்ளே வருகிற ஓட்டையைத் தகடு வைத்து ரிவெட் அடித்தோம். அதற்குப் பிறகு எங்கள் ஷாப்பில் ஹீட்டரைக் கம்பியால் கட்டுவது என்ற பேச்சே கிடையாது. ஒன்று முழுசாகச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகக் கழற்ற வேண்டும். மழைக்காலத்தில் மழையில்தான் ட்ரையல், அதுவும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. வெந்து சாகிறோம் என்று எவனாவது முணுமுணுத்தால் நாயுடு அவனை ஒரு பார்வை பார்ப்பார், போதும். நான் ஃபோர்மேன் ஆனபின் அந்தப் பார்வையை நானும் பழகிக்கொண்டேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இந்த ஊருக்கு இது வேண்டாம் என்று நீ கட்டிவைத்த சாமானை, வேண்டும் என்று ஒருவன் என்றைக்காவது அவிழ்ப்பான். அவன் கெட்டவனாக இருக்க மாட்டான். மழையில் ஒரு பிள்ளையை மோதிவிடக்கூடாதே என்று நினைத்தவனாக இருப்பான்.

முனுசாமி அதன்பின் நெடுங்காலம் வக்கீலின் வண்டியைத்தான் ஓட்டினார். எத்தனை மழையானாலும் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஏற்ற மாட்டார். மழை நாளில் சர்வீஸுக்கு வந்தால் வலது கைச் சட்டை தோள்வரை நனைந்து ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையைத் தினமும் துவைத்துப் போட்டது அஞ்சலைதான். அதற்கப்புறம் அவள் அவரை ஒருநாளும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.